தப்பால்காரன் எழுதிய புலி

விடியலில் ஆள் கணக்கெடுக்கக் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அடித்தபோது லிங்கம் எழுந்திருக்கவில்லை.

கல்லுமலைத் தோட்டத்தில் ஆறு வருஷமாக அந்தத் தப்புக்கு முன்னால் எழுந்தவன் அவன் ஒருவன்தான். தோட்டத்துத் தப்பால்காரன் அவன்; கடுதாசிப் பையைத் தோளில் மாட்டி, கம்பளியைத் தலையில் போட்டு, வெண்கல மணி கட்டிய கோலை ஊன்றிக்கொண்டு இருட்டிலேயே இறங்கிவிடுவான். பதுளைக்குப் பதினொரு மைல். திரும்பிவரப் பதினொரு மைல். போகும்போது இறக்கம், பையில் அவ்வளவு சுமையில்லை. வரும்போது ஏற்றம், முதுகில் துரையின் பத்திரிகை, துரைசானியின் துணிப்பொதி, பங்களாவுக்கு ரொட்டி. நடக்கிற வேலை இல்லை அது. நடந்தால் பொழுதுக்குள் வந்து சேர முடியாது.

மீனாம்பாள் அந்த மணியை வைத்தே புருஷன் இருக்கும் இடத்தை அளப்பாள். கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தின் கோடியில் அது காதுக்குள்ளேயே அடிக்கும். முதல் வளைவில் அடிக்குரலாகும். இரண்டாம் வளைவில் பழைய கோப்பிச் செடிக் கட்டைகள் நிற்கும் சரிவு, அங்கே மட்டும் எதிர்மலையில் மோதி இரண்டு மணியாகக் கேட்கும். அப்புறம் தேய்ந்து தேய்ந்து, பாலத்தில் ஓயா ஆற்றின் இரைச்சலோடு போய்விடும். அதற்கு மேல் மலை மறைத்துக்கொள்ளும். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்குப் போவாள்.

இன்றைக்கு மணி மூலையில் சாத்தி வைத்திருந்தது. கால், முழங்காலுக்குக் கீழே பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கிக் கறுத்துக் கிடந்தது. தொடவே வேண்டாம், பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே அனல் அடித்தது.

"ஏய்யா, விரல அசைச்சுப் பாரு."

"அசைக்கிறேன்ல."

"எங்க அசைக்கிற? நீ மூஞ்சியத்தான் அசைக்கிற."

லிங்கம் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

நேற்றுச் சாயந்திரம் மூன்று மைல் மிச்சமிருந்தபோது நடந்தது. குறுக்குப் பாதை, ஓர் ஆள் அகலம். மேலேயிருந்து, பெரியதுரைக்கு அடுத்த அதிகாரியான சின்னதுரை குதிரையில் வந்தார். கூலிக்காரன் என்றால் பாதையை விட்டு இறங்கித் தலைக்கம்பளியை எடுத்துவிட்டு நிற்க வேண்டும். லிங்கம் இறங்கித்தான் நின்றான். மழையில் கால் வழுக்கிக் கோல் ஆடிவிட்டது. மணி அடித்ததும் குதிரை மிரண்டு பின்னங்காலால் உதைத்தது. எலும்பு முறிந்த சத்தம் தனக்கே கேட்டது என்று லிங்கம் சொன்னான். சின்னதுரை குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். "மணி ஏன் அடிக்கிற, நாயே" என்றார். போய்விட்டார்.

அந்தக் காலோடு மூன்று மைல் ஊர்ந்து வந்து கடுதாசிப் பையை ஆபீசில் ஒப்படைத்துவிட்டுத்தான் லயத்துக்கு வந்தான். பை நனையவில்லை. அதைத்தான் முதலில் சொன்னான்.

தங்கராஜா கணக்கப்பிள்ளை பெரட்டுக்கு முன்னால் லயத்து வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. குனிந்தால் கோட்டில் கூரைக் கரி பட்டுவிடும்.

"என்னடா, ஒடஞ்சிருச்சா?"

"ஒடஞ்சுதான் இருக்கணும்ங்க."

"நீ என்ன டாக்டரா? சுளுக்கா இருக்கும். நல்லெண்ணெ போட்டு உருவு." கொஞ்சம் பொறுத்துக் குரலை இறக்கினார். "இன்னிக்கு ஒரு நாள் சும்மா இரு. வேற ஆள அனுப்புறேன். நாளைக்கும் முடியலேன்னா பதுள ஆஸ்பத்திரிக்குத் தொரை சீட்டு தரணும். தூக்கிட்டுப் போக நாலு ஆளும் தரணும். வாயால சொன்னா தரமாட்டாரு. எழுதிக் குடு. நீதான் எழுதுவியாமே."

சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மீனாம்பாளிடம் நீட்டினார்.

"ஒண்ணு சொல்லிப்புடுறேன் லிங்கம். குதிரை அதுல வரப்படாது."

"அப்ப எது ஒதைச்சதுன்னு எழுதுறதுங்க?" என்று கேட்டவள் மீனாம்பாள்.

"ஒன்னய யாரு கேட்டா? காடு மலையில ஓடுற ஆளு. பன்னி முட்டுது, புலி பாயுது. எவ்வளவோ இருக்கு." அவர் போய்விட்டார்.

மீனாம்பாள் பழைய கஞ்சியில் உப்பைப் போட்டுக் கரைத்து அவன் பக்கத்தில் வைத்தாள். கருவாட்டுத் துண்டு ஒன்று இருந்தது. அதைச் சுட்டு அவன் கஞ்சிக்கு மேலே வைத்தாள். வேலை செய்யாத நாளுக்கு அரிசி கிடையாது. இந்த வாரத்து அரிசி அவள் ஒருத்தி பேரில்தான் வரும்.

"உள்ளத எழுது" என்றாள், கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டே.

"எழுதுனா லயத்த விட்டு வெரட்டுவான். நீ ஒடஞ்ச கால முதுகுல தூக்கிட்டு நடப்பியா?"

"நடந்துதானே வந்தோம்."

அதைச் சொல்லிவிட்டு அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மன்னாரிலிருந்து நடந்து வந்தபோது மூன்று பேர். மாத்தளைக்கு இந்தப் பக்கம் ஒரு காட்டில் இரண்டு பேராகிவிட்டார்கள். தனலெட்சுமிக்கு அப்போது நாலு வயசு. பேதி.

மழை பிடித்துக்கொண்டது. ஊவாப் பக்கத்தில் ஐப்பசி கார்த்திகை மழை வந்தால் ஊற்றிவிட்டு ஓயும் மழையில்லை, மலையோடு மலையாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எட்டாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்த பெண்களின் கணுக்காலெல்லாம் அட்டை. மீனாம்பாளுக்குப் பிடுங்கி எறிய நேரமில்லை. கூடை நிறைய வேண்டும். கங்காணி நிரைக்கு நிரை வந்து கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தான்.

"லிங்கம் பொண்டாட்டி, கை ஓடல? புருஷன் நெனப்பா?"

"ஒங்க நெனப்புதான் அய்யா" என்றாள் மீனாம்பாள். பக்கத்து நிரையில் நாலு பெண்கள் சிரித்தார்கள். கங்காணி குச்சியால் தேயிலைச் செடியை ஓர் அடி அடித்துவிட்டு நகர்ந்தான்.

அவள் சிரிக்கவில்லை. அந்தத் தாளை நினைத்துக்கொண்டிருந்தாள்.

லிங்கம் எழுத்துப் படித்தது பள்ளிக்கூடத்திலா? பள்ளிக்கூடத்தின் முகத்தையே அவன் பார்த்ததில்லை. பண்டாரவளையிலிருந்து பதுளைக்குத் தப்பால் வண்டி வர நேரமாகும் நாட்களில் அலவி முதலாளியின் கடை வாசலில் ஒதுங்கி நிற்பான். அலவி முதலாளி சீனியும் மிளகாயும் நிறுத்துக்கொண்டே கூலி ஜனத்துக்குக் கடுதாசி எழுதிக் கொடுப்பார், வந்ததைப் படித்தும் சொல்லுவார். பார்த்துப் பார்த்து, சீனி சுற்றும் நீலத் தாளில் பென்சில் துண்டால் கிறுக்கிக் கிறுக்கி, மூன்று வருஷத்தில் லிங்கத்துக்குக் கை வந்துவிட்டது. அவனுக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் கடுதாசி எழுத்து. கதைப் புத்தகமோ சட்டப் புத்தகமோ அவன் கையில் பட்டதில்லை.

அவன் எழுதிய முதல் கடுதாசி திருச்சிச் சீமையில் இருக்கும் அண்ணனுக்கு, வழியில் செத்துப்போன மகளின் சேதியை வருஷங்கள் கழித்துச் சொல்ல. எழுதி முடித்து மீனாம்பாளுக்குப் படித்துக் காட்டினான். 'இவ்விடம் நாங்கள் யாவரும் நலம். அவ்விடம் உங்கள் நலமறிய ஆவல்' என்று ஆரம்பித்தது. மகள் சாவு எட்டாவது வரியில் இருந்தது.

"எப்புடிய்யா நலம்?" என்று அவள் அன்றைக்கே கேட்டாள். "எப்புடி யாவரும்?"

"அப்புடித்தான் தொடங்கணும் புள்ள. அலவி மொதலாளி சொல்லியிருக்காரு. 'கடுதாசிண்டா நலத்துலதான் தொடங்கோணும் லிங்கம், இல்லாட்டி படிக்கிறவனுக்கு நெஞ்சு அடைச்சிப் போகும்'னாரு."

யாருக்கும் நெஞ்சு அடைக்கக்கூடாது. எழுதுகிறவனுக்கு மட்டும் அடைத்தால் போதும்.

மத்தியானம் கொழுந்து நிறுத்துக் கொட்டிவிட்டு அரை மணி நேரத்துக்கு அவள் லயத்துக்கு ஓடிவந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். லிங்கம் சுவரில் சாய்ந்து, மடியில் பலகையை வைத்து, அதன்மேல் நீலத் தாளை விரித்து எழுதிக்கொண்டிருந்தான். கஞ்சி அப்படியே இருந்தது. கருவாட்டில் எறும்பு. அவன் உதடு அசைந்தது. முகத்தில் என்னவோ ஒன்று. அது சந்தோஷம் என்று அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது, பார்த்து அத்தனை காலமாகியிருந்தது.

"கஞ்சி குடிக்கல?"

"இரு இரு. புலி இப்பத்தான் மரத்த விட்டு எறங்குது."

"என்னது?"

"ஒக்காரு. படிக்கிறேன். இது கரட்டுத் தாளு. பெறகு வெள்ளத் தாள்ல நல்லாப் பாத்து எழுதணும்." தொண்டையைச் செருமிக்கொண்டான். "மகா கனம் பொருந்திய துரை அவர்கள் சமூகத்துக்கு அடிமை லிங்கம் தாழ்மையாய் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் நலம். அவ்விடம் துரை அவர்களும் துரைசானி அம்மாளும் குழந்தைமார்களும் பங்களா நாய்களும் நலமாயிருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்..."

"நாய்க்குமா நலம் கேக்குற?"

"துரைக்கு நாய்னா உசுருடி."

"அதுசரி. நாய்க்குக் கால் ஒடஞ்சா டோலி கட்டித் தூக்கிட்டுப் போவான்."

"குறுக்க பேசாத. கேளு." அவன் குரல் மாறியது. "மழை பெய்த பொழுதில் அடிமை துரையவர்கள் பையை நெஞ்சோடு அணைத்து வந்தேன். பாதை மேலே அது நின்றது. வெயிலில் காயப்போட்ட மஞ்சள் போல அதன் உடம்பு. மழை அதன்மேல் விழவில்லை, அதற்குப் பயந்து விலகி விழுந்தது. அது பசியோடு பார்க்கவில்லை. பசியோடு பார்த்திருந்தால் நானும் ஓர் உயிர் என்று எண்ணியதாகும். பாதையில் கிடக்கிற கல்லைப் பார்க்கிற மாதிரி பார்த்தது. நான் இறங்கி வழிவிட்டேன். வழிவிட்ட பிறகுதான் அடித்தது. அடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கவில்லை. தன் உடம்பைத் தானே தடவிக்கொண்டு போயிற்று."

கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"ஏய்யா, இது புலி இல்ல."

லிங்கம் நிமிர்ந்தான்.

"இது சின்னதொரை."

"தெரியுதா?" பயந்துதான் கேட்டான். ஆனால் கண்ணில் பளபளப்பு போகவில்லை. "அந்த வரிய அடிச்சிரவா?"

அவள் யோசித்தாள். காலைப் பார்த்தாள். வீக்கத்தின்மேல் தோல் வெடிக்கப் போவதுபோல் மினுங்கியது. பெருவிரல் நீலம் பாரித்திருந்தது.

"இருக்கட்டும். எழுது" என்றாள். "அவனுக்குத் தெரிஞ்சாத் தெரியட்டும். ஆனா அந்த நலத்த அடி."

"அத அடிச்சா கடுதாசியே இல்லியே!"

"ஒனக்கு நலமாவா இருக்கு?"

"மொறன்னு ஒண்ணு இருக்குல்ல புள்ள. நலம் இல்லாத கடுதாசிய எந்தத் தொரை வாங்குவான்? மரியாத தெரியாத பயன்னு தூக்கிப் போட்ருவான். கடைசியில எழுதியிருக்கேன் பாரு, 'கால் எலும்பு முறிந்து நீலம் பாய்ந்துவிட்டபடியால் ஆஸ்பத்திரிக்குச் சீட்டும் நாலு ஆளும் தயவு செய்ய வேணும்'னு. எல்லாம் இருக்கு. கடேசி வரைக்கும் படிச்சா எல்லாம் இருக்கு."

அவளுக்கு நேரமாகிவிட்டது. கஞ்சியிலிருந்து எறும்பை ஊதித் தள்ளி அவன் வாயருகே பிடித்தாள். இரண்டு மிடறு குடித்தான். அதற்குள் கண் தாளுக்குப் போய்விட்டது. "அதன் வால் மட்டும் எப்படி இருந்துதுன்னு சொல்லல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வலிக்கிறதா என்று அவள் கேட்டபோது அவனுக்கு அது காதில் விழவில்லை.

சாயந்திரம் கொழுந்து நிறுக்கும்போது பெரியதுரை தேயிலை ஸ்டோர் வாசலில் நின்றார். மழைக்கோட்டு, வாயில் சுருட்டு, காலடியில் இரண்டு நாய்கள். தராசுக்குப் பக்கத்தில் தங்கராஜா கணக்கப்பிள்ளை. மீனாம்பாள் தன் கூடையைக் கொட்டிவிட்டு, மடியிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினாள். வரும் வழியில் லயத்தில் அவனிடம் வாங்கி, எண்ணெய்ச் சீலையில் சுற்றி, வயிற்றோடு வைத்து, ஒரு துளி ஈரம் படாமல் கொண்டுவந்திருந்தாள். தப்பால் பையை அவன் கொண்டுவருகிற மாதிரி.

"என்ன அது?" என்றார் துரை. அவருக்குத் தமிழ் தெரியும். கூலிகளை ஏவுவதற்கு வேண்டிய அளவு தெரியும்.

"தப்பால் லிங்கம் எழுதிக் குடுத்திருக்கானுங்க" என்றார் கணக்கப்பிள்ளை.

"கூலி எழுதுறான்? படி."

கணக்கப்பிள்ளை தாளைப் பிரித்தார். கண் வேகமாகக் கீழ்வரை ஓடியதை மீனாம்பாள் பார்த்தாள். நடுவில் ஓர் இடத்தில் அது நின்றதையும், அவர் புருவம் ஏறியதையும் பார்த்தாள். பிறகு அவர் முதல் வரிக்குத் திரும்பிச் சத்தமாகப் படித்தார்.

"மகா கனம் பொருந்திய துரை அவர்கள் சமூகத்துக்கு அடிமை லிங்கம் தாழ்மையாய் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் நலம்."

"நலம்?" என்றார் துரை.

"ஆமாங்க. நலம்." கணக்கப்பிள்ளை தொடர்ந்து படித்தார்.

"அவ்விடம் துரை அவர்களும் துரைசானி அம்மாளும் குழந்தைமார்களும் பங்களா நாய்களும்..."

துரை உரக்கச் சிரித்தார். நாய்கள் வாலை ஆட்டின. "நாய்க்கு சலாம்! நல்ல மனுசன். நலம்னா சரி. நாளைக்கு தப்பால் போகச் சொல்லு." சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"தொரைகளே!" மீனாம்பாள் தராசைத் தாண்டி ஓர் அடி வைத்துவிட்டாள். "அது எல்லாக் கடுதாசியிலயும் எழுதுறதுங்க. செத்த வீட்டுக் கடுதாசியிலயும் எழுதுறதுங்க! கால் நலமில்லீங்க தொரை, நீலமாப் போச்சுங்க, கீழ வரைக்கும் படிக்கச் சொல்லுங்க..."

அவள் மூச்சு விடாமல் சொன்னதில் பாதிகூட அந்தத் தமிழுக்குப் பிடிபடவில்லை. துரை கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். "என்ன சொல்றா?"

கணக்கப்பிள்ளை தாளை மடித்தார். நிதானமாக, இரண்டாக, நாலாக.

"துரைக்குச் சலாம் சொல்றாளுங்க."

துரை தலையை ஆட்டிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனார். நாய்கள் பின்னால் போயின.

மீனாம்பாள் கணக்கப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அவர் பார்வையை விலக்கிக்கொண்டார். "அடியே, குதிரைய எழுதாதேன்னா இவன் என்ன எழுதியிருக்கான்! வழிவிட்ட பெறகுதான் அடிச்சுதாம். எனக்கே வெளங்குது, தொரைக்கு வெளங்காதா? அத மட்டும் படிச்சிருந்தேன்னா, ஒங்க ரெண்டு பேரையும் சீட்டக் கிழிச்சுத் தோட்டத்த விட்டே வெரட்டியிருப்பாரு. ஒங்களக் காப்பாத்தியிருக்கேன், தெரிஞ்சுக்க."

"தாளக் குடுங்க."

"எதுக்கு? இருக்கட்டும்." சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நல்லாத்தான் எழுதியிருக்கான் பய. வீட்ல புள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டலாம்."

அவள் லயத்துக்கு வந்தபோது லிங்கம் வாசலைப் பார்த்தபடியே இருந்தான். உடம்பு தீயாய்க் கொதித்தது. சீட்டு கிடைத்ததா என்று கேட்பான் என்று நினைத்தாள்.

"புலி வந்த எடத்துல தொரை என்ன சொன்னாரு?"

அவளுக்கு ஒரு கணம் பொய் சொல்லத் தோன்றியது. தொரை அசந்துபோயிட்டாருய்யா, கையைத் தட்டினாருய்யா. சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்குப் பொய்யில் அலுப்பு வந்துவிட்டது.

"புலி வரல. தொரை நலத்தோட நிறுத்திட்டான். நலம்னா நாளைக்குத் தப்பாலுக்குப் போகச் சொல்லிட்டான்."

அவள் அடுப்பில் கோப்பிக் கட்டையைச் செருகி ஊதினாள். புகைந்ததே தவிரப் பிடிக்கவில்லை.

"அப்புடித்தானே தொடங்கணும்" என்றான் கடைசியில்.

மறுநாள் தப்பு அடிப்பதற்கு முன்னால் கணக்கப்பிள்ளை அனுப்பிய ஆள் பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனான். மீனாம்பாள் பையைத் தன் தோளில் மாட்டினாள். "நான் போறேன். பதினொரு மைல்தானே."

"ஒன் பேரு கொழுந்துல இருக்கு. பொம்பள கையில பைய வுட்டேன்னு ரெண்டு பேரையும் வெரட்டுவான்." அவன் சுவரைப் பிடித்து எழுந்தான். வலியில் சத்தம் வரவில்லை, வாய் மட்டும் திறந்தது. அவள் சேலைத் தலைப்பைக் கிழித்துக் காலை இரண்டு மூங்கில் சிம்புக்கு நடுவே இறுக்கிக் கட்டினாள். "பாலம் வரைக்கும் போயிட்டாப் போதும். பதுளப் பக்கம் போற மாட்டு வண்டி எதாச்சும் வரும். ஏறிக்கிறேன்."

"வருமா?"

"வரும்."

அவன் போனான். லயத்துக் கோடியில் மணி ஒருதரம் அடித்தது. நின்றது. இன்னொரு தரம். நின்றது. அவள் கூடையைக் கட்டிக்கொண்டு பெரட்டுக் களத்தில் போய் நிற்கும்வரை அது முதல் வளைவைத் தாண்டவில்லை. கங்காணி, கணக்கப்பிள்ளை, ஜனம் எல்லாரும் அந்த விட்டு விட்டு அடிக்கும் மணியைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள்.

ஒருவழியாக முதல் வளைவைத் தாண்டிய பிறகு, திடீரென்று மணி சீராக அடிக்க ஆரம்பித்தது. வேகமாக, ஓடுகிற கால் மாதிரி, பழைய மாதிரி.

"பாத்தியா?" என்றார் கணக்கப்பிள்ளை, மீனாம்பாளைப் பார்த்து. அவர் குரலில் நிஜமாகவே ஒரு நிம்மதி. "சூடு பிடிச்சுதுன்னா சரியாயிரும். ஓடுறான் பாரு."

ஜனமும் மூச்சு விட்டது. யாரோ சிரித்தார்கள். கங்காணி பேர் கூப்பிடத் தொடங்கினான்.

மீனாம்பாள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் அடியும் எதிர்மலையில் மோதி இரண்டாகக் கேட்டது. கோப்பிக் கட்டைச் சரிவு. இரண்டாம் வளைவு. இனி தேய வேண்டும். அவள் அதற்காகக் காத்திருந்தாள். பத்துப் பேரைக் கூப்பிட்டாயிற்று. இருபது பேர். மணி அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தேயவில்லை. இரண்டிரண்டாக, அதே இடத்தில், அதே குரலில்.

அவன் ஓடவில்லை. சரிவில் உட்கார்ந்துகொண்டு கோலைக் கையால் ஆட்டிக்கொண்டிருக்கிறான். மேலே பெரட்டில் நிற்கிறவர்கள் எல்லாம், அவளும், தான் போய்க்கொண்டிருப்பதாக நினைக்கட்டும் என்று. இவ்விடம் நலம்.

மணி நின்றது.

"பாலம் தாண்டிட்டான்" என்றார் கணக்கப்பிள்ளை.

"லிங்கம் பொண்டாட்டி!" என்று கங்காணி கூப்பிட்டான்.

அவள் தலைக்கயிற்றைக் கழற்றினாள். கூடை பின்னால் விழுந்து களத்தில் உருண்டது. வரிசையை விட்டு வெளியே வந்து, கணக்கப்பிள்ளையை உரசிக்கொண்டு, பாதைப் பக்கம் நடந்தாள்.

"ஏய், எங்க போற? பேர வெட்டிருவேன்!"

"வெட்டிக்க" என்றாள் மீனாம்பாள். முழங்காலுக்குமேல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறக்கத்தில் ஓடத் தொடங்கினாள். கீழே எந்தச் சத்தமும் இல்லை.